அன்புக்குரியோரிடமிருந்தே துயரம் பிறக்கிறதா? பியஜாதிக சூத்திரம் பற்றி ஒரு விவாதம்

வினாவுடையான்:

அவையோருக்கு வணக்கம். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களுள் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 87ஆம் சூத்திரமான பியஜாதிகத்தைப் படித்த நாள் முதல் ஒரு கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே மகனைப் பறிகொடுத்த குடும்பத்தலைவர் ஒருவர், வேலையிலும் உணவிலும் மனம் செல்லாமல், சுடுகாட்டுக்குப் போய் 'என் ஒரே மகனே, எங்கே இருக்கிறாய்?' என்று அழுதுகொண்டிருந்தவர், கோசல நாட்டின் சாவத்தி நகரில் தங்கியிருந்த புத்தரைக் காண வருகிறார். 'துயரும் புலம்பலும் அன்புக்குரியவர்களிடமிருந்தே பிறக்கின்றன' என்பதே அவருக்குக் கிடைக்கும் மறுமொழி. அன்புக்குரியவர்களால் மகிழ்ச்சியல்லவா பிறக்கிறது என்று மறுத்துவிட்டு அந்த மனிதர் எழுந்து போகிறார். அருகில் பகடை உருட்டிக்கொண்டிருந்த சூதாடிகளிடம் நடந்ததைச் சொல்ல, அவர்களும் அவர் பக்கமே பேசுகிறார்கள்.

நானும் அந்தச் சூதாடிகளின் பக்கம்தான் நிற்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவரிடம் பேசும் பேச்சா அது என்பது ஒன்று. துயரத்தின் ஊற்று அன்பு என்றால், மன அமைதி என்பது அன்பைக் குறைத்துக்கொண்டு பெறும் ஒன்றா என்பது மற்றொன்று. 'ஆசையே துன்பத்திற்குக் காரணம்' என்று பள்ளிச் சுவர்களில் எழுதியிருப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு தந்தை தன் மகன் வாழவேண்டும் என்று விரும்பியதும் அந்த ஆசையில் சேருமா என்று கேட்க ஏனோ தோன்றியதில்லை. பாலி நூல்களில் பழக்கமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ஏடுபுரட்டி:

நண்பருக்கு வணக்கம். தங்கள் கேள்வியை அந்தச் சூத்திரமே தன் பிற்பாதியில் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அங்கிருந்து தொடங்குகிறேன். சூதாடிகளின் பேச்சு மெல்லப் பரவி அரண்மனையை எட்டுகிறது. கோசல மன்னன் பசேநதி, 'உன்னுடைய கோதமர் இப்படிச் சொல்லியிருக்கிறாரே' என்று அரசி மல்லிகையிடம் சொல்கிறான். 'அவர் சொல்லியிருந்தால் அது அப்படித்தான் இருக்கும்' என்று அவள் விடையளித்ததும், ஆசிரியர் எதைச் சொன்னாலும் ஆமாம் போடும் மாணவனைப் போலப் பேசுகிறாய் என்று கடிந்து அவளை அங்கிருந்து போகச் சொல்லிவிடுகிறான். மல்லிகை அத்துடன் விட்டுவிடவில்லை. நாளிஜங்கன் என்னும் பிராமணரை அனுப்பி, அந்தச் சொல் உண்மையிலேயே சொல்லப்பட்டதா, எந்தப் பொருளில் சொல்லப்பட்டது என்று கேட்டுவரச் செய்கிறாள். தாயை இழந்து சித்தம் கலங்கி, 'என் தாயைப் பார்த்தீர்களா?' என்று தெருத்தெருவாகக் கேட்டு அலைந்த பெண் தொடங்கி, சாவத்தி நகரத்தாருக்கு நேர்ந்த துயரங்கள் பலவும் அவளுக்கு மறுமொழியாக வந்து சேர்கின்றன.

அதன்பின் அரசி அரசனிடம் கேட்பதுதான் சூத்திரத்தின் உயிர்நிலை என்று கருதுகிறேன். 'இளவரசி வஜிரி தங்களுக்கு அன்புக்குரியவள்தானே? அவளுக்கு மாறுதலோ கேடோ நேர்ந்தால் தங்களுக்குத் துயரம் உண்டாகாதா?' என்று தொடங்கி, அரசியருள் ஒருத்தியான வாசபை, சேனாபதி விடூடபன், மல்லிகையாகிய தான், இறுதியாகக் காசி கோசல நாடுகள் என வரிசையாகக் கேட்டுக்கொண்டே போகிறாள். ஒவ்வொன்றுக்கும் அரசன், அப்படி நேர்ந்தால் என் வாழ்வே மாறிப்போகும், துயரம் உண்டாகாமல் எப்படி இருக்கும் என்றுதான் சொல்ல முடிகிறது. (அந்த விடூடபனே பிற்காலத்தில் தந்தையின் அரியணையைக் கைப்பற்றினான் என்று உரைமரபு கூறுவதை அறிந்தவர்களுக்கு இந்த வரிசை வேறு வகையிலும் சுடும்.) வஜிரியின்மேல் வைத்த அன்பைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மல்லிகை ஓரிடத்திலும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். துயரம் எங்கிருந்து வருகிறது என்று காட்டுவதோடு அவள் நின்றுவிடுகிறாள்.

வாரணாசிக்கு அருகே இசிபதனத்தின் மான்வனத்தில் ஐந்து துறவியருக்குப் புத்தர் சொன்ன முதற்பேருரையில், பிறப்பு, மூப்பு, சாவு, விரும்பாதவற்றோடு சேர்தல், விரும்பியவற்றைப் பிரிதல், வேண்டியது கிடையாமை ஆகியவை துக்கம் என்று கூறப்பட்ட பிறகு, சுருங்கச் சொன்னால் பற்றுக்கு இடமாகும் ஐந்து கந்தங்களே (உடல், உணர்வு, குறிப்பு, மனச்செயல்கள், அறிவு என ஒருவரை ஆக்கும் கூறுகள்) துக்கம் என்று முடிக்கப்படுகிறது. காரணமாக அங்கே கூறப்படுவது வேட்கை. புலனின்பத்துக்கான வேட்கை, இப்படியே இருந்துகொண்டிருக்க வேண்டும் என்னும் வேட்கை, இல்லாமற்போக வேண்டும் என்னும் வேட்கை என அது மூவகைப்படும். மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறோம். துயரம் தாங்காமல் எல்லாம் ஒழிந்தால் போதும் என்று நினைப்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே உணர்ச்சியை மரத்துப்போகச் செய்வதை இந்தப் போதனையின் இலக்காகக் கொள்ள இடமில்லை.


தெற்குவீதி:

மல்லிகையின் வாதம் கூர்மையானதுதான். ஆயினும் வினாவுடையான் கேட்ட முதற்கேள்வி அப்படியே நிற்கிறது. அரசனுக்குச் சொல்லக்கூடிய ஒன்றைப் பிள்ளையை இழந்தவரிடம் சொல்லலாமா? கிசா கோதமியின் கதையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறந்த குழந்தையைச் சுமந்துகொண்டு மருந்து கேட்டு வந்தவளிடம், சாவு நேராத வீட்டிலிருந்து கடுகு வாங்கி வா என்றுதான் உரைநூல்கள் சொல்லும் கதையில் புத்தர் சொல்கிறார். துயரம் எதிலிருந்து பிறக்கிறது என்று அவளுக்கு விளக்கவில்லை. வீடு வீடாகச் சென்று, ஒவ்வொரு வாசலிலும் அந்த வீட்டார் இழந்தவரைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, அவளாகவே அறிந்துகொள்கிறாள். அந்த நடை அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது. பியஜாதிகத்தின் குடும்பத்தலைவருக்கு அப்படி ஒரு நடை கிடைக்கவில்லை. அவர் கேட்டதும் எழுந்து போய்விட்டார் என்பதைச் சூத்திரம் மறைக்காமல் பதிவு செய்திருப்பதை நான் மதிக்கிறேன். சொல்லப்பட்டது உண்மையாயினும் கேட்டவரிடம் அது சென்று சேரவில்லை.


ஏடுபுரட்டி:

தெற்குவீதி அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பின்னாளில் அந்த மல்லிகையே இறந்துபோகிறாள். பசேநதி புத்தருடன் அமர்ந்திருக்கும்போது ஒருவர் வந்து அரசனின் காதோடு செய்தியைச் சொல்ல, அவன் தோள்கள் தளர்ந்து, தலை கவிழ்ந்து, பேச்சற்று அமர்ந்துவிடுகிறான் என்று புத்தர் உரைகளின் மற்றொரு தொகுப்பான அங்குத்தர நிகாயத்தின் ஐந்தாம் தொகுதி கூறுகிறது. உனக்கு ஏதேனும் நேர்ந்தால் எனக்குத் துயரம் வராமலா போகும் என்று முன்பு மல்லிகையிடம் ஒப்புக்கொண்டவன்தான் அவன். தெரிந்திருந்தது அவனைத் தடுத்து நிறுத்தவில்லை.


இரவுப்பணி:

இந்த இழையைச் சில நாட்களாக வாசித்து வருகிறேன். மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரிகிறேன், பாலி அறியேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைப்பவற்றைப் படிப்பவள். இருவகை அம்புகளைப் பற்றிய சல்லத்த சூத்திரத்தை இங்கு யாரேனும் குறிப்பிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். உடலில் வலி வரும்போது பயிற்சியில்லாதவர் மார்பில் அறைந்து புலம்புகிறார். அம்பு பட்ட இடத்திலேயே இரண்டாவது அம்பும் வந்து தைத்தவரைப் போல, உடல்வலியோடு மனவலியையும் சேர்த்து அனுபவிக்கிறார். பயிற்சி பெற்றவருக்கு முதல் அம்பின் வலி இருக்கிறது, இரண்டாவது இல்லை. இந்த அளவு பலரும் மேற்கோள் காட்டுவதுதான். அதே சூத்திரத்தில் அடுத்து வரும் ஒரு வரியை யாரும் எடுத்துச் சொல்லி நான் கண்டதில்லை. பயிற்சியில்லாதவர் வலி வந்ததும் புலனின்பத்தை நாடி ஓடுகிறார். ஏனெனில் வலியிலிருந்து வெளியேற அதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியாது என்கிறது அது. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் வராந்தாவில் விடியும்வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. வேறு வழி தெரியாதவர்கள் அவர்கள்.

ஆனால் நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. பக்க நாட்டில் சுஞ்சுமாரகிரி என்னும் ஊரில் நகுலபிதா, நகுலமாதா என்னும் இல்லறத்தார் இருந்தனர். கணவர் கடும் நோயில் விழுகிறார். மனைவி அவர் அருகே அமர்ந்து, 'கவலையோடு இறந்துவிடாதீர்கள். கவலையோடு இறப்பவரின் சாவு துன்பமானது' என்று தொடங்கிப் பேசுகிறாள். நான் இல்லாவிட்டால் இவள் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவாள் என்று நினைக்கிறீர்களோ என்னவோ; எனக்குப் பஞ்சு நூற்கவும் கம்பளி பின்னவும் தெரியும், பிள்ளைகளையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்வேன் என்பதுதான் அவள் சொல்லும் முதல் உறுதி. அடுத்து, நான் வேறொருவர் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று கவலைப்பட வேண்டாம் என்கிறாள். அதன் பிறகே புத்தரையும் சங்கத்தையும் காண்பதில் என் விருப்பம் குறையாது, ஒழுக்கத்தில் குறைவைக்க மாட்டேன், உள்ளத்தின் அமைதியைப் பெற்றவர்களுள் நானும் ஒருத்தி, இந்த அறத்தில் ஐயம் நீங்கிக் காலூன்றியவர்களுள் நானும் ஒருத்தி என்று சொல்லிச் செல்கிறாள். ஐயமிருந்தால் புத்தர் இதே ஊரில்தான் இருக்கிறார், போய்க் கேளுங்கள் என்று வேறு சொல்கிறாள்.

பணியில் நான் நாள்தோறும் காண்பது இதைத்தான். பின்னிரவில் விழித்திருக்கும் நோயாளிகளில் மறுமையைப் பற்றிக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கூட்டுறவுச் சங்கக் கடனை யார் அடைப்பார்கள், பெரியவள் திருமணத்துக்கு எடுத்துவைத்த நகை யாரிடம் இருக்கிறது, மாட்டை விற்றார்களா என்றுதான் கேட்கிறார்கள். நகுலமாதா நூற்பதில் தொடங்கியது தற்செயலானதன்று என்று எனக்குத் தோன்றுகிறது. துயரம் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பியஜாதிகம் காட்டுகிறது என்றால், பிறந்த துயரத்தை என்ன செய்வது என்பதை இந்தப் பெண் காட்டுகிறாள். அவள் கணவர்மேல் வைத்த அன்பு எங்கே குறைந்தது? தன் உள்ளத்தின் அமைதியையும் அவர் கவலையை நீக்கும் உறுதிமொழிகளுள் ஒன்றாகத்தான் அவள் முன்வைக்கிறாள். வினாவுடையான் அவர்களின் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

அவள் பேசி முடிக்கும்போது அவர் நோய் தணிந்தது என்கிறது சூத்திரம். அதை என்னால் யாருக்கும் உறுதியளிக்க இயலாது. ஆனால் கவலை தணிந்தவர் உறங்குவதைக் கண்டிருக்கிறேன்.


நீலக்கொடி:

அனைவரும் உள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பல லட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், அடுத்த ஆண்டு வெளிவந்த தம் கடைசி நூலின் முன்னுரையில், துக்கம், அதன் காரணம், அதன் ஒழிவு, ஒழிவுக்கான வழி என்னும் நான்கு உண்மைகள் புத்தரின் மூலப் போதனைகளில் சேர்ந்தவைதாமா என்றே ஐயம் எழுப்பியிருக்கிறார். பிறப்பும் வாழ்வும் சாவும் துக்கமே என்றால் மனிதனுக்கு நம்பிக்கை அளிக்க அந்தச் சமயத்தில் என்ன மிஞ்சுகிறது என்பது அவர் கேள்வி. மலக்குழியில் இறங்கி மூச்சுத்திணறி இறந்தவரின் மனைவியிடம் போய், உன் துயரத்துக்கு உன் வேட்கையே காரணம் என்று சொல்ல இங்கு யாருக்காவது நாக்கு எழுமா? அவள் துயரத்துக்குச் சாதி காரணம், ஒப்பந்தக்காரர் காரணம், சட்டத்தைச் செயற்படுத்தாதவர்கள் காரணம். பிறர் இழைக்கும் துன்பத்தை உட்காரணமாகத் திருப்பிவிடும் எந்த அமைதியும் ஆதிக்கத்தில் இருப்பவர்களுக்கே வசதியானது.


ஏடுபுரட்டி:

நீலக்கொடி அவர்கள் எழுப்பியதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. அவர் காட்டும் எடுத்துக்காட்டில் அவர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். நூல்களுக்குள் இதற்குச் சான்று இருக்கிறதா என்று மட்டும் என்னால் சொல்ல இயலும்.

ஆளவி நகரில் புத்தர் உரையாற்றக் காத்திருந்தபோது, காணாமற்போன தன் மாட்டைத் தேடி அலைந்த ஏழை உழவன் ஒருவன் பசியோடு தாமதமாக வந்து சேர்ந்தான். முதலில் அவனுக்கு உணவு கொடுக்கச் செய்து, அவன் உண்டு இளைப்பாறிய பிறகே புத்தர் பேசத் தொடங்கினார் என்றும், அப்போது சொல்லப்பட்டதே தம்மபதத்தின் 203ஆம் பாடல் என்றும் உரை கூறுகிறது. நோய்களிலெல்லாம் பெரிய நோய் பசி என்று தொடங்குகிறது அந்தப் பாடல். பசித்தவனிடம் முதல் அம்பு, இரண்டாம் அம்பு என்று யாரும் பேசவில்லை. அங்குத்தர நிகாயத்தில், இல்லற வாழ்வில் இருப்பவருக்கு வறுமை துக்கம், கடன் துக்கம், வட்டி துக்கம், கடன்காரர் நெருக்குவது துக்கம் என்று அடுக்கிச் சொல்லும் சூத்திரம் ஒன்றும் உண்டு. தீக நிகாயத்தின் சக்கவத்தி சீஹநாத சூத்திரம் ஓர் அரசனின் கதையைச் சொல்கிறது. இல்லாதவர்களுக்குப் பொருள் கொடுக்காமல் விட்டதால் வறுமை பெருகியது. வறுமையால் களவும், களவால் ஆயுதமும், ஆயுதத்தால் கொலையும் பெருகின. காரணம் தேடும் அந்தச் சங்கிலி அங்கே ஆட்சியாளனின் கடமைத் தவறில் தொடங்குகிறது. களவாடியவனின் வேட்கையில் தொடங்கவில்லை.

ஆகவே, 'உன் துயரத்துக்கு நீயே காரணம்' என்று பிறரை நோக்கிச் சொல்வதற்காக நான்கு உண்மைகள் சொல்லப்பட்டன என்று நான் கருதவில்லை. துயரத்தை அறிவதும், காரணத்தைக் கைவிடுவதும், ஒழிவை நேரில் காண்பதும், வழியைப் பயில்வதும் செய்ய வேண்டிய பணிகள் என்று முதற்பேருரையே வகுத்திருக்கிறது. அவரவர் தமக்கென மேற்கொள்ள வேண்டிய பணிகள் அவை. அவற்றை எடுத்து அடுத்தவர்மேல் குற்றம் சுமத்துவோர் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.


நீலக்கொடி:

ஆளவி உழவன் கதையை நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. இருப்பினும், ஆயிரக்கணக்கான பக்கங்கள் உள்ள பிடகம் என்னும் பௌத்த நூல்தொகுதியில் இத்தகைய பகுதிகள் எத்தனை, தியான முகாம்களில் இவற்றை எடுத்துச் சொல்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.


வினாவுடையான்:

விடையளித்த அனைவருக்கும் நன்றி. என் நிலையையும் சொல்லிவிடுகிறேன். என் தாயாருக்குச் சிறுநீரகம் பழுதடைந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. அவர் நலம்பெற வேண்டும் என்று விரும்புகிறேன். இதுவும் கைவிட வேண்டிய வேட்கைதானா என்று கேட்கத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். இன்னொன்றும் உண்டு. தியான ஆசிரியர் கோயங்கா அவர்களின் மரபில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குச் சென்னை திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்னும் மையத்தில் இப்போதே சேர்ந்துவிடுமாறு நண்பர் ஒருவர் வற்புறுத்துகிறார். போகலாமா?


ஏடுபுரட்டி:

முதற்கேள்விக்குக் கோசம்பியில் நடந்த ஓர் உரையாடலைத் தருகிறேன். வேட்கையைக் கைவிடுவதற்காக இந்த வாழ்க்கையை மேற்கொண்டிருக்கிறோம் என்று புத்தரின் சீடர் ஆனந்தர் சொல்ல, உண்ணாபன் என்னும் பிராமணர் மடக்குகிறார். வேட்கையைக் கைவிட வேண்டும் என்று விரும்புவதும் வேட்கைதானே, அப்படியானால் இதற்கு முடிவே இல்லையே என்கிறார். ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: 'இந்தச் சோலைக்கு வரவேண்டும் என்னும் விருப்பம் உங்களுக்கு முன்பு இருந்ததல்லவா? வந்து சேர்ந்ததும் அது அடங்கிவிட்டதல்லவா?' விருப்பம், முயற்சி, எண்ணம், ஆய்வு ஆகிய நான்கையும் அவர் இப்படியே காட்டுகிறார். தங்கள் தாயாருக்கு உரிய மருத்துவம் கிடைக்கவேண்டும் என்னும் விருப்பம் தங்களை வாரம் மூன்று முறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. அதைக் கைவிடச் சொல்லும் சூத்திரம் எதையும் நான் அறியேன். அவர் மூப்படையாமல், நோயுறாமல் என்றும் இப்படியே இருக்க வேண்டும் என்று உள்ளத்தின் அடியில் கிடக்கும் கோரிக்கை வேறு. முதற்பேருரையின் இரண்டாவது வேட்கையை அங்கே தேடிப் பார்க்கலாம்.

தாங்கள் அழ நேர்ந்தால் அதையும் தோல்வியாகக் கொள்ள வேண்டாம். குசிநாராவில் புத்தர் இறக்கும் தறுவாயில், இருபத்தைந்து ஆண்டுகள் அவருக்குத் தொண்டு செய்த ஆனந்தர் விகாரத்துக்குள் போய், கதவைப் பற்றிக்கொண்டு நின்று அழுதார். புத்தர் அவரை அழைத்துவரச் செய்து, பிரிவு தவிர்க்க முடியாதது என்பதை நினைவூட்டிவிட்டு, அன்போடு நீ செய்த பணிவிடைகள் அளவற்றவை என்று எல்லார் முன்னிலையிலும் பாராட்டினார்.


தெற்குவீதி:

தமிழிலும் ஓர் இடம் உண்டு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்ட மாதவி, பௌத்தத் துறவியான அறவண அடிகளின் அடியில் வீழ்ந்து தன் துயரைச் சொல்ல, அவர் உரைத்ததாக மணிமேகலையில் அவள் தோழியிடம் கூறுவது இது:

பிறந்தோர் உறுவது பெருகிய துன்பம்
பிறவார் உறுவது பெரும்பேர் இன்பம்
பற்றின் வருவது முன்னது பின்னது
அற்றோர் உறுவது அறிக

நான்கு அடிகளில் நான்கு உண்மைகளும் அடங்கிவிட்டன. இவையும் துயரத்தில் இருந்த ஒருத்திக்கே சொல்லப்பட்டன. பியஜாதிகத்தின் தந்தை எழுந்து போனார், மாதவி போகவில்லை. இதைக் கொண்டு சொன்னவரின் திறமையை அளப்பதா, கேட்டவரின் பக்குவத்தை அளப்பதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.


இரவுப்பணி:

வினாவுடையான் அவர்களுக்கு: முகாம் எங்கும் ஓடிப்போய்விடாது. அங்கே கைப்பேசியை ஒப்படைத்துவிட்டுப் பத்தாம் நாள் காலைவரை பேசாமல் இருக்க வேண்டும். டயாலிசிஸ் நடக்கும் தாயாரை வேறு பொறுப்பானவரிடம் ஒப்படைக்க இயலாதவர் அங்கே அமர்ந்து மூச்சைக் கவனிக்க முடியாது, தாயாரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சதிபட்டான சூத்திரம் சொல்லும் பயிற்சிக்கு முகாம் கட்டாயமன்று. இன்பமான உணர்வு எழும்போது இன்பமான உணர்வு என்றும், துன்பமான உணர்வு எழும்போது துன்பமான உணர்வு என்றும், இரண்டுமல்லாதது எழும்போது அதையும் அவ்வாறே அறிந்திருக்கச் சொல்கிறது. டயாலிசிஸ் ஒரு முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் வெளியே நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள்.

அதற்கு முன் தாயாரிடம் பேசுங்கள். அவருக்கு எதைப் பற்றிக் கவலை என்று கேளுங்கள். நீங்கள் நினைப்பதாக இராது. கேட்டறிந்த பிறகு, அதில் எதை உங்களால் பார்த்துக்கொள்ள முடியுமோ அதை மட்டும் பெயர் சொல்லி உறுதி கூறுங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லாதீர்கள். அதை நோயாளிகள் நம்புவதில்லை.


தெற்குவீதி:

ஒரு சிறு மாறுபாட்டைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நகுலமாதாவின் இரண்டாவது உறுதி, வேறொருவர் வீட்டுக்குப் போகமாட்டேன் என்பது, என்னை நெருடுகிறது. சாகக் கிடக்கும் கணவனின் மன அமைதிக்காக மனைவி தன் எதிர்காலத்தை அடகு வைக்க வேண்டுமா? கணவன் அத்தகைய உறுதியை மனைவிக்கு அளித்த சூத்திரம் இருக்கிறதா?


ஏடுபுரட்டி:

என் கண்ணில் பட்டதில்லை. அவர் கேட்டு அவள் சொன்னதாகச் சூத்திரத்தில் இல்லை என்பதையும், தானும் கணவரும் பதினாறு ஆண்டுகளாகப் பிரமசரியம் காத்து வந்திருப்பதை அவளே அங்கு நினைவூட்டுகிறாள் என்பதையும் சொல்லலாம். ஆனால் அது தங்கள் கேள்விக்கு விடையாகாது. அந்தக் காலத்துக் குடும்ப அமைப்பு சூத்திரத்துக்குள்ளும் இருக்கிறது. முதல் உறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தால், நூற்றுப் பிழைத்துக்கொள்வேன் என்று சொல்லக்கூடிய கைத்தொழில் அவளிடம் இருந்ததால்தான் அவள் சொல் அவரிடம் எடுபட்டது என்றும் தோன்றுகிறது. இது குறித்து நீலக்கொடி அவர்களுக்குச் சொல்ல இன்னும் இருக்கும்.